பச்சைக் கொடிக்கு நாலடி முன்னால்

செப்டம்பர் 15, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். முக்கியமாக எங்கள் அப்பாவிடம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்று மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் நான்தான் முதல். மாநிலப் போட்டிக்கும் நான்தான். முதல் வளைவு முடிகிறவரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும். பச்சைக் கொடி தாண்டிய பிறகுதான் உள்தடத்துக்கு வரலாம். நான் கொடிக்கு நாலடி முன்னாலேயே உள்ளே வந்துவிட்டேன். தெரியாமல் இல்லை. தெரிந்துதான். மாமல்லபுரத்துப் பள்ளி சுஷ்மிதா என்மேல் மோதாமலிருக்கத் தடுமாறி நின்றுவிட்டாள்; இரண்டாவதாகத்தான் வந்தாள். கோட்டருகே கவனிக்க நின்ற நடுவர் சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சுஷ்மிதா நேரே வந்தாள். "கொடி அங்க கீது. நீ இங்கயே பூந்துட்ட. இன்னா நெனப்பு உனக்கு?"

"தாண்டிதான் வந்தேன்," என்றேன்.

செப்டம்பர் 16

ஜெபம் பண்ண முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சபை வாசலில் அப்பா பிளெக்ஸ் வைத்துவிட்டார். மெடலோடு என் படம். மேலே "கர்த்தர் தந்த ஜெயம்". கர்த்தரா தந்தார்?

அப்பா சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், விடியலில் என்னைப் பைக்கில் மாமல்லபுரம் கூட்டிப்போய் மணலில் ஓட வைப்பார். ஒரு வாரம்கூட விட்டதில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"ரெண்டு வார்த்த சொன்னா போதும் சிநேகா. ஏன் பேயடிச்ச மாதிரி கீற?" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாஸ்டர் கிருபாகரன் பிரசங்கம் முழுக்க ஓட்டம்தான். விசுவாச வாழ்க்கையும் பந்தயமாம். ஒழுங்கை மீறி ஓடினவனுக்குக் கிரீடம் இல்லையாம். அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மைக்கைக் கொடுத்தார்கள். சொல்லிவிட்டேன்.

"நான் ஜெயிக்கல. எனக்குத் தகுதியில்ல. நான் பாவி."

எல்லாரும் கை தட்டி ஆமென் என்றார்கள். "பாத்தீங்களா, இந்த வயசுல இன்னா தாழ்மை," என்றார் பாஸ்டர். அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

எங்கள் சபையில் எல்லாரும் சாட்சியை அப்படித்தானே தொடங்குவார்கள். கொடி, கோடு, சுஷ்மிதா — அது மட்டும் என் வாயில் வரவில்லை. பாவின்னு சொல்றது சுலபம். இன்னா பண்ணேன்னு சொல்ல முடியல. ஆண்டவரே, இங்கயும் குறுக்கதான் பூந்தேன். எனக்கு மன்னிப்பே கிடையாதா?

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரு தாளில் எழுதி பி.டி. டீச்சர் பிரபாவதி மிஸ்ஸிடம் கொடுத்தேன். 'கொடிக்கு நாலடி முன்னால் உள்ளே வந்தேன். மாநிலப் போட்டிக்குச் சுஷ்மிதாதான் போக வேண்டும்.'

மிஸ் இரண்டு முறை படித்தார். "இதக் கிழிச்சிப் போட்டா யாருக்கும் தெரியாது. கிழிக்கவா?"

"வேணாம் மிஸ்."

"அப்ப உங்கப்பாகிட்ட நான்தான் சொல்லணும். நைட்டு போன் பண்றேன்."

மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

வெளியே அப்பாவின் போன் அடித்தது. "சொல்லுங்க மிஸ்," என்றார். கடைசியில் "சரிங்க" மட்டும்.

அம்மா என்னவென்று கேட்கிறாள். அப்பா என் அறைக் கதவுக்கு நடந்து வருகிறார். தட்டுகிறார். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மெதுவாகத்தான் தட்டுகிறார். நான்