மோட்டார் கொட்டகை மேல் நின்று பேசியது

மரக்காணம்,
வைகாசி 9

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நம் உப்புப் பாத்திகள்தான் ஒரு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு இப்போது எழுந்திருக்கின்றன. அந்த டப்ளின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நான் கத்துகிறேன் என்று நீ பாதியில் கட் செய்தாய் அல்லவா, காகிதத்தில் கத்த முடியாது என்று அம்மா நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள். எழுதி முடித்ததும் அவளே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாளாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் வேலை என்று கான்ட்ராக்ட் போட்ட கம்பெனிக்காரன் மூன்றாவது மாதமே ப்ராஜக்ட் நின்றுவிட்டது, நாளையிலிருந்து வேண்டாம் என்று இரண்டு வரியில் மெயில் அனுப்பியிருக்கிறான். நடுவில் நிறுத்தினால் முப்பது நாள் முன்னாலேயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த முப்பது நாள் காசைக் கொடுக்க வேண்டும் என்று கான்ட்ராக்டிலேயே இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அதற்கு நீ எழுதி வைத்திருந்த பதிலையும் படித்துக் காட்டினாய். அதில் மூன்று இடத்தில் மன்னிப்பு, நான்கு இடத்தில் நன்றி, காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள், மற்ற கம்பெனிகளிலும் தப்பாகச் சொல்லிவிடுவார்கள் என்று அழுதாய். இரண்டு மாத வாடகைக்குத்தான் கையில் இருக்கிறது என்று வேறு சொன்னாய், அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உப்பளத்தில் மோட்டார் கொட்டகை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். அங்கே நின்றுகொண்டு, ப்ராஜக்ட் நின்னுபோச்சுன்னா அது அவன் தலையெழுத்து, சொன்ன சொல்லுக்குக் காச வெக்கச் சொல்லு, என் பொண்ணு இன்னா பாவம் பண்ணா என்று கூனிமேடு வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துச் சிரிக்காதே. அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயந்திரம், கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. வாருவதற்குத் தயாராக இருந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. நீ வாங்கிக் கொடுத்த போனைப் பார்த்தேன், பத்து நாளைக்கு மழைப் படமாகவே போட்டிருந்தது. முப்பது வருடமாக வானத்தைப் பார்த்து உப்பு எடுத்தவன் அன்றைக்குப் போனைப் பார்த்து, இந்த வருசம் சீசன் அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். உப்பு வார வரும் தையல்நாயகியைக் கூப்பிட்டு, உன் ஆளுங்க ஆறு பேரும் நாளையிலேர்ந்து வர வேணாம் என்று சொல்லிவிட்டேன். நடுவுல நிறுத்துனா பதினஞ்சு நாள் கூலின்னு பேச்சாச்சேண்ணா என்று கேட்டாள். நானா நிறுத்துனேன், மழை நிறுத்துச்சு, போய் அதுகிட்ட கேளு என்றேன். மறுநாள் காலையில் அடித்தது பார் வெயில், வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு கத்திக்கொண்டிருந்தபோது தையல்நாயகி தன் கூடையையும் தூக்குவாளியையும் எடுத்துப்போக வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. நீ கட் செய்ததும் இறங்கி வந்தால், ஏணிக்குக் கீழே நிற்கிறாள். அண்ணா, இப்ப மேல நின்னு சொன்னீங்களே, அத்த கீழ நின்னு ஒருவாட்டி சொல்லுங்க என்றாள். நான் மழை என்று ஆரம்பித்தேன். அவள் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டாள். மாசியில் முதல் உப்பு வாரிய அன்றைக்குக் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்ததை அம்மாவைப் படம் பிடிக்கச் சொல்லி ஸ்டேட்டஸில் வைத்தேனே, உனக்கும் அனுப்பினேனே, அதேதான். அதில் கையில் வெற்றிலைபாக்கோடு நான், ஆடி முடியிற வரைக்கும் தையல்நாயகி ஆளுங்கதான், நடுவுல நிறுத்துனா பதினஞ்சு நாள் கூலி, இது சிவஞானம் வாக்கு என்று தேர்தலில் நிற்பவன் போலப் பேசுகிறேன். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, பதினஞ்சு நாளு, ஆறு பேருண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். உன் அம்மா சூர்யகலா, பொண்ணுக்கு ஒரு ஞாயம் அவளுக்கு ஒரு ஞாயமா என்று கேட்டுவிட்டு, வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தோடு தன் சீட்டுப் பணத்தையும் சேர்த்து எண்ணி என் கையில் வைத்தாள். அன்றைக்கே தையல்நாயகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி இவள் நம் அளத்துப் பக்கம் எங்கே வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டால் வருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, கூப்ட்டா வர்றேன், ஆனா இது நிறுத்துனதுக்குக் குடுத்த காசு, செய்யற வேலைக்குக் கூலி தனி என்றாள். திங்கட்கிழமை விடியும் முன்பே ஆறு பேரும் வந்து மழைத் தண்ணீரை வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்குப் பாத்தியில் மறுபடி வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அடுத்த வருடமும் நான் அவளைத்தான் கூப்பிடுவேன்.

அதனால் சொல்கிறேன் கண்ணு. மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டு, கான்ட்ராக்டில் அந்த வரி எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் நிறுத்தினான், எத்தனை நாள் காசு, இவ்வளவையும் எழுது. போனில் பேசாதே, மெயிலிலேயே கேள். பாக்கி எதுவும் இல்லை என்று ஏதாவது பேப்பர் அனுப்பினால் காசு வருவதற்கு முன்னால் கையெழுத்துப் போடாதே. கேட்டால் என்ன நினைப்பானோ என்று பயப்படுகிறாய், காசு கொடுக்க வேண்டிய இடத்தில் நின்றவன் நான் சொல்கிறேன். தையல்நாயகி கேட்ட அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை, மறுநாள் போய்விட்டது. கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போயிருந்தால், அவளுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு ஞாபகம் வந்திருக்காது. உன் கம்பெனிக்காரனும் என்னை மாதிரி ஒருத்தன்தான்.

நம் அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், தைரியமாக இரு. ரொட்டியை மட்டும் தின்று காலத்தை ஓட்டாதே, அரிசி வாங்கி வடி என்று அம்மா சொல்லச் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் மெயிலை அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி போடு. தையல்நாயகி தினமும் வந்ததும், பாப்பா காச கேட்டுச்சாண்ணா என்று கேட்கிறாள், நான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சிவஞானம்