பந்து இல்லாத ஆட்டம்

பாப்பா,

நேற்று நீ சொன்னது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது. "தொண்ணூறு நிமிஷமும் நான் மட்டும் ஓடிட்டிருக்கேன்பா, பந்தையே காணோம். இந்த வீடியோவ அனுப்புனா காலேஜ் கோச் ஸ்காலர்ஷிப் தரமாட்டார், டாக்டர்கிட்ட போகச் சொல்வார்" என்றாய். வெளிநாட்டுக் கல்லூரியில் கால்பந்துக்கு ஆள் எடுப்பவர்கள் முழு மைதானத்தையும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேட்சை வீடியோ எடுக்கச் சொன்னாய், உன்னை மட்டுமே எடுத்துவிட்டேன்.

காலையில் எதிரணி கோல்கீப்பரின் அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் கேலரியின் மேல்படியில் நின்று ஆட்டம் முழுவதையும் எடுத்திருக்கிறார். "எங்க பொண்ணு மூணு கோல் வாங்குன வீடியோவ எங்க வீட்டுல யார் பாக்கப்போறா? தாராளமா வெச்சுக்கோங்க" என்றார். நாலு மணிக்குப் பென் டிரைவோடு வருவார். டீ கொடு, கோல் பேச்சை மட்டும் எடுக்காதே. கல்லூரிக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். அவர் கிளம்பியதும் அனுப்பிவிடு.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

நான் எடுத்த வீடியோவை அழிக்காதே. இடம் கிடைத்து நீ போய்விட்டால், அதைப் பார்க்க எனக்குப் பந்து தேவைப்படாது.

அம்மா நைட் டியூட்டி முடிந்து உள்ளே தூங்குகிறாள். நான் இன்றும் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அப்பா