சிங்கத்தின் மேல் உட்கார்ந்த தோடம்பழக்காரி

என் அருமைச் செல்வம் மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் தோடம்பழத்தை, அங்கே ஆரஞ்சு என்பார்களோ என்னவோ, தாளில் சுற்றித்தான் தருகிறார்களா? அப்படியென்றால் தாளை எறிந்துவிடாதே, மடித்து வை. நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இப்போதைக்கு வருகிற எண்ணம் இல்லை.

நாம் சேர்த்த பழத்தாள்கள் எல்லாம் என் அலமாரியில் பத்திரம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தோடம்பழத்தையும் ஆப்பிளையும் சுற்றி வந்த, படம் அச்சடித்த மெல்லிய தாள்களை ஐம்பது தாண்டிய ஒருவன் இஸ்திரி போட்டு ஆல்பத்தில் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? "எங்க அண்ணனுக்கு இருந்த வியாதி, இவருக்கும் ஒட்டிக்கிச்சு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் உன் தங்கை லெச்சுமி விளக்கம் கொடுக்கிறாள்.

ஒரு தாள் மட்டும் நமக்குக் கிடைக்கவே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பு ஹட்டன் பஜாரில் உங்கள் பழக்கடையில் நின்றபோது நீ அதை ஒரே ஒரு தடவை பார்த்தாயாம். கிரீடம் வைத்த ஒரு பெண், சிங்கத்தின் மேல் உட்கார்ந்து, கையில் தோடம்பழம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் வந்த ஒரு தோட்டத்து ஆளுக்கு அந்தப் பழத்தைத் தாளோடு விற்றுவிட்டாய். சாகும்வரை அதையே சொன்னாய். "சிங்கம் தோடம்பழமாடா திங்கும்?" என்று சலூன் துரைராஜ் கேட்டுக் கேட்டே உன்னைப் புளுகன் ஆக்கினான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கேள்வியை அவனுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். உனக்குத் தெரியுமா மச்சான்? தெரிந்தும் சும்மா இருந்தாயா?

போன மாதம் வட்டவளையில் ஒரு சடங்கு வீடு. லெச்சுமியின் சிநேகிதி புஷ்பம், தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவள், அவளுடைய மகளுக்கு. சீர்த்தட்டைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கப் போனேன். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள். நெற்றியில் குங்குமம். சிங்கத்துக்கும் ஒரு பொட்டு. தாளில் பழத்தைச் சுற்றிய கசங்கல்கூட அப்படியே இருந்தது.

"புஷ்பம், இது எந்த சாமி?"

"என்னாங்கண்ணே, சிங்கத்து மேல இருக்காங்க, இதுகூடவா தெரியல? துர்க்கை அம்மன்."

"கையில சூலத்தக் காணோமே?"

"எலுமிச்சம்பழம் வச்சிருக்காங்கல்ல."

"கொஞ்சம் பெரிய எலுமிச்சம்பழம்."

"அம்மன் கையில இருந்தா அப்புடித்தான்."

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா ஹட்டனில் வாங்கிப் போன பழமாம். தின்ற மறுநாளே அம்மா எழுந்து உட்கார்ந்தாராம். அதிலிருந்து அந்தத் தாள்தான் குலதெய்வம். எனக்குத் தருவாயா என்று வாய் கூசாமல் கேட்டேன்.

"சாமிய யாராச்சும் குடுப்பாங்களா? கும்புட்டுட்டுப் போங்க."

கும்பிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமை, முழங்கால் வலிக்கு நல்ல சக்தியுள்ள அம்மன் என்று சொல்லி துரைராஜைக் கூட்டிப் போனேன். சூடம் கொளுத்தினான், வலிக்கிற காலோடு விழுந்து கும்பிட்டான், எழுந்து நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"டே முருகேசு, இது நம்ம செல்வம் சொன்னதுல்ல?"

"சாமி முன்னால நிக்கிற. இப்பச் சொல்லு, அவன் புளுகன்னு."

இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான் மச்சான். பக்கத்தில் நின்று நானும் போட்டுக்கொண்டேன், அவனைவிடச் சத்தமாக. அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் அப்போது என் மனசு துள்ளிய துள்ளலை நீ பார்த்திருக்கவேண்டும். நீ ஜெயித்துவிட்டாய். இப்போது சலூனுக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும், தானே கண்டுபிடித்த மாதிரி துரைராஜ் உன் கதையைத்தான் சொல்கிறான். கத்தி கையில் இருப்பதால் யாரும் மறுப்பதில்லை.

புஷ்பத்திடம் அது தோடம்பழம் என்று சொல்லமாட்டேன். ஆடி வெள்ளிக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த பஜார் ஆட்கள் அத்தனை பேரையும் வட்டவளைக்குக் கூட்டிப் போவேன். எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகு சொல்வேன், இவளை முதலில் பார்த்தவன் யார் என்று. இது சத்தியம்.

உன்னைக் கடைசி ஆளாக நம்பிய
உன் தங்கை வீட்டுக்காரன்,
முருகேசு