உன் அண்ணி ஆக மாட்டேன்

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கண்ணாடிக் கடை வேலைக்கென்று ஊர் மாறிப் போன பிறகு இங்கே லாண்டரியில் பேச்சுச் சத்தமே இல்லை. இயந்திரம் மட்டும் உறுமுகிறது. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டுமல்லவா, உன் இடத்தில் இப்போது இஸ்திரி அக்கா நிற்கிறாள். முனைகளைச் சேர்க்கக் கிட்டே வரும்போதெல்லாம், "ஏண்டி, என்னைப் பாத்தா மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே? அவ நின்னப்போ முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சுதே" என்கிறாள். நம் விஷயம் அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஆண் பிள்ளை என்று வளர்த்த வீட்டை விட்டுப் பெண்ணாக வெளியே வந்தவள் அவள். அவளிடம் எதை மறைக்க முடியும்?

அப்பா கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். "பத்தொம்பது ஆச்சு. ஒம்பதாவதோட படிப்ப விட்டவளுக்கு வேற என்ன யோசனை?" என்கிறார். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. நாம் இருவரும் இருக்க ஓர் அறை பார்க்கிறேன் என்று சொல்லிப் போனாய். அத்தனை கண்ணாடிகளுக்கு நடுவே இருந்தும் உன் கண்ணில் ஓர் அறை படவில்லையா?

பதிலை லாண்டரிக்கே போடு. வீட்டுப் போன் அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை.

உன்
ஊமைக்கோட்டான்

பிப்ரவரி 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

அறை தேடி அலைந்து செருப்புத்தான் தேய்ந்தது. இரண்டு பெண்கள் என்றதும், "அப்பாவக் கூட்டிட்டு வாம்மா, அண்ணனக் கூட்டிட்டு வாம்மா" என்கிறார்கள். ஆனால் வேறொரு வழி கிடைத்துவிட்டது. கோபப்படாமல் கடைசி வரை படி.

எங்கள் அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அம்மாவிடம் உன்னைச் சொன்னேன். "அமைதியான பொண்ணும்மா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது" என்றேன். அம்மாவுக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. நினைத்துப் பார். கல்யாணம் ஆனதும் நானும் இந்த வேலையை விட்டு வீட்டுக்கே திரும்பிவிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. உன்னையும் என்னையும் யார் பிரிப்பார்கள்? அண்ணியும் நாத்தனாரும் எந்நேரமும் ஒன்றாக இருந்தால் ஊரே மெச்சும். அண்ணன் வேன் ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வீட்டிலேயே இருக்க மாட்டான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். உன் அப்பாவுக்கும் நிம்மதி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எனக்கு வரன் வந்தால் எதையாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொள்கிறேன். நீ சரி என்று மட்டும் சொல்.

உன்
வாயாடி

பிப்ரவரி 15

வாயாடிக்கு,

கடைசி வரை படித்தேன். கோபப்படாமல் படிக்க முடியவில்லை.

வாரத்தில் நாலு நாள் அவர் இருக்க மாட்டார். சரி. மீதி மூன்று நாள்? அந்த மூன்று நாளும் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? காதைப் பொத்திக்கொள்வாயா? நீ நாளைக் கணக்குப் போட்டபோது அதில் என் உடம்பு எங்கே இருந்தது என்று சொல்.

உன் அண்ணனையாவது நினைத்தாயா? போன மழையில் நாம் பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்டபோது வேனோடு வந்து என்னையும் வீட்டில் விட்டுப் போனவர் அவர். வழியெல்லாம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த மனிதரை ஆயுசுக்கும் ஏமாற்று என்கிறாய். அதுவும் எனக்குப் பதில் நீயே முடிவு செய்து, உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு, கடைசியாக என்னைக் கேட்கிறாய். இரண்டு மாங்காய் யாருக்கு விழும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கல் நான் என்பது மட்டும் தெரிகிறது.

துணி போட வந்தவன் ஒருவன் இஸ்திரி அக்காவைக் கேலி செய்தபோது அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியவள் நீதானே? அடுத்தவளுக்கென்றால் அவ்வளவு வாய். நமக்கென்றால் மட்டும் ஏன் ஒளிய இடம் தேடுகிறாய்?

வேண்டாம். உன் அம்மாவிடம் நீயே சொல்லி நிறுத்து. அறை கிடைக்காவிட்டால் காத்திருக்கிறேன். உன் அண்ணி ஆக மாட்டேன்.

ஊமைக்கோட்டான்

பிப்ரவரி 21

கண்ணே,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் காரியம் கை மீறிவிட்டது. உன் அப்பாவும் என் அம்மாவும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். இப்போது நான் வேண்டாம் என்றால், ஏன் என்று அம்மா கேட்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது? வெளியே தெரிந்தால் என்னை உயிரோடு புதைத்துவிடுவார்கள்.

கல்யாணம் முடியட்டும், பிறகு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பேசாமல் இருப்பது உனக்கென்ன புதிதா?

உன்
வாயாடி

மார்ச் 9

வாயாடிக்கு,

அன்றைக்கு நீ வந்ததிலிருந்து போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

உன் அம்மா என் கையைப் பிடித்து, "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டபோது எனக்குக் குரல் எழவில்லை. அப்பா முந்திக்கொண்டார். "வெக்கப்படுது. மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அதில் உன் சிரிப்பும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"இல்லைங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னேன். "சம்மதம் இல்லைங்க. ஆம்பளையக் கட்டிக்கிற மனசே எனக்குக் கிடையாது. என் மனசு பொண்ணுங்க பக்கம்தான் போகும். உங்க பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல." நான் பிறந்ததிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. உன் அம்மா என் கையைச் சூடுபட்ட மாதிரி உதறினார். உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார்.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். என்னைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு உரிமை. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் நீ.

"என்னடி இது? ஒண்ணா வேலை பாத்தியே, உனக்கு இது தெரியுமா?" என்று உன் அம்மா கேட்டார். "தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இவ வீட்டு வாசப்படிய மிதிச்சிருப்பேனா?" என்றாய்.

தெரியாது என்பதோடு நிறுத்தியிருந்தால் பயம் என்று விட்டிருப்பேன். நானும் பயந்தவள்தான். அந்த இரண்டாவது வார்த்தையை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. அது உன் வாயிலிருந்து தானாக வந்தது.

நீங்கள் கிளம்பிய பிறகு உன் அண்ணன் மட்டும் வண்டிச் சாவியை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது. "இப்பவே சொன்னீங்களே, நல்லதுங்க. ரெண்டு பேரும் தப்பிச்சோம்" என்றார். பிறகும் போகாமல் நின்றார். "என் தங்கச்சிக்கு நிஜமாவே தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னை மரியாதையாக நடத்திய ஒரே மனிதரிடம் உனக்காகப் பொய் சொன்னேன். உன் மேல் இருப்பதைவிட அதற்காக என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அப்பா என் துணிகளை அள்ளித் தெருவில் எறிந்தார். செய்தி கேட்டு இஸ்திரி அக்கா லாண்டரித் தள்ளுவண்டியோடு வந்தாள். "பெரியவரே, பொண்ணத் துரத்துறதுன்னா துரத்துங்க. துணிய மடிச்சாவது போடக் கூடாதா? தேச்சவ வயிறு எரியுது" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தபோதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

விஷயம் தெரிந்து லாண்டரி முதலாளியும் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அக்கா தெரிந்தவர்கள் மூலமாக வேறோர் ஊரில், ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் சேர்த்துவிட்டாள். மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னல் உண்டு, தாழ்ப்பாள் உள்பக்கம். அதனால் இனி பழைய இடத்துக்கு எழுதாதே. அக்காவிடமும் விசாரிக்காதே. அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் நீ தாங்க மாட்டாய்.

உன் மேல் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. போயிருந்தால் இத்தனை பக்கம் எழுதுவேனா?

நேற்று உன் அண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் மேல் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றியது. உன்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. என் பொய்யை அப்படியே விட்டிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டியவள் நீ. அந்த உறையின் பின்பக்கம் என் புது முகவரியை எழுதியிருக்கிறேன். இந்த உறையில் எழுதவில்லை. உனக்கு வேண்டுமானால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

எதற்கு என்று கேட்பார்.

ஊமைக்கோட்டான்