இருநூற்றைம்பது சொல்லில் நான்

டெலேனி,

பிரின்டரில் நீ விட்டுப்போன விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்தேன். 'நீ சந்தித்த பெரிய கஷ்டம் என்ன' என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்டால், நான்தான் கிடைத்தேனா? சரி, பொய் எதுவும் இல்லை. ஒன்பது வயதில் நீ என் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியது நடந்ததுதான்.

நேற்று நான் இதைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்ளிகேஷன்தானேம்மா, யாரு உக்காந்து படிக்கப் போறா?" என்றாய். நான் படித்தேனே.

ஐந்நூறு சொல் கேட்ட கல்லூரிகளுக்கு, கடைசிப் பத்தியில் நான் குடியை விட்டுவிடுகிறேன். இருநூற்றைம்பது போதும் என்றவர்களுக்கு அந்தப் பத்தியையே வெட்டிவிட்டாய். பாஸ்டன் முதல் சியாட்டில் வரை பதினோரு கல்லூரிகளில் நான் இன்னும் சமையலறைத் தரையிலேயே கிடக்கிறேன்.

உன் ஆய்வக எலிகளுக்கு நாலு வரி கொடுத்திருக்கிறாய். அதில் ஒன்றை எனக்குக் கொடு. அனுப்புவதற்கு முன் என்னை எழுப்பி நிறுத்து.

ஆறு வருடமாகக் குடிக்காத
உன் அம்மா