சம்பந்தி இழுத்துப் பார்க்கும் பூட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் மாமனாரும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆமாம், நானேதான் எடுத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நூலகத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த உன் அப்பன் முழுசாக ஒரு கடிதம் எழுதுகிறான், கோணல்மாணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி. போனில் சொல்லலாமே என்பாய். போனில் வாயைத் திறந்ததால்தானே இவ்வளவும். போன வாரம் உன்னிடம் கத்தினேன் அல்லவா, இந்த மனுஷனோடு இனி ஒரு நாள்கூட முடியாது, உன் மாமனாரை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்று. மாப்பிள்ளையும் பாவம், உடனே அந்த முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுவிட்டார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கண்ணு, பதில் எதுவும் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கீழ் வீட்டுப் பெண் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், அசல் பின்னால் தபாலில் வரும்.

உன் மாமியார் போன பிறகு தனியாகக் கிடந்தவரை நான்தானே ஆசையாக அழைத்து வந்தேன், உன் அம்மா இல்லாத வீட்டில் பேச்சுத் துணை ஆகும் என்று. எங்கே, நான் மூச்சு விடாமல் பேசினால் அவர் ஒரு ‘ம்’ போடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பூட்டிவிட்டுப் படி இறங்கினால் இவர் திரும்பிப் போய் ஒரு இழுப்பு. நான் கேஸை மூடினால் இவர் வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பார். குழாய், ஜன்னல் கொக்கி, சர்க்கரை டப்பா மூடி, ஒன்றையும் விடமாட்டார். என் சட்டைப் பொத்தான்தான் பாக்கி. எனக்கு எப்படி இருக்கும் சொல், கண் தெரியாத கிழவன் என்று நினைக்கிறாரா, புத்தி தடுமாறிவிட்டது என்று நினைக்கிறாரா. அன்றைக்கு நீ வாங்கிக் கொடுத்த சின்ன ஓவனில் ரொட்டி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ரொட்டி பொக்கை வாய்க் கன்னம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஆயுசு முழுக்க பேக்கரியில் மாஸ்டராக நின்றவன் நான், மாஸ்டர் சாத்திய அடுப்புக் கதவை முதலாளிகூடத் தொட மாட்டார். அந்தக் கோபத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். அவர் அடுத்த அறையில் இருந்தார், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் பார்த்தால் அவருடைய பை கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டித் தயாராக இருக்கிறது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நம் கட்டிடத்து லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும், மாடிப்படியில் சம்பந்தியைப் பார்த்ததும் கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டு ‘அண்ணே’ என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இருவரும் ஒன்றாக லிஃப்ட் வேலை பார்த்தவர்களாம். வேலை முடிந்ததும் டீ குடிக்க அழைத்தேன். சம்பந்தி வடை வாங்கக் கீழே போன நேரத்தில், மனதில் இருப்பதை அடக்க எனக்குத் தெரியாதே, உங்கள் அண்ணன் என்னை நம்புவதே இல்லை, நான் பூட்டினால் இழுத்துப் பார்க்கிறார் என்று பாதி விளையாட்டாகப் போட்டு உடைத்தேன். அந்த மனுஷன் சிரிக்கிறார் சிரிக்கிறார், டீ சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரிக்கிறார். அப்புறம் சொன்னார், “ஐயா, அண்ணன் கண்டவங்க வேலையில எல்லாம் கை வைக்க மாட்டாரு. மேல ஒருத்தன் கீழ ஒருத்தன்னு ஜோடியாத்தான் எங்க வேலை. ஜோடி முறுக்கின போல்ட்ட இவன் தொட்டுப் பாக்கணும், இவன் முறுக்கினத ஜோடி தொட்டுப் பாக்கணும். உங்கள அவரு ஜோடியா நெனச்சுட்டாரு.” சட்டையைத் துடைக்க நான் துண்டை நீட்டும்போதே இன்னொன்றும் கேட்டார். “அவரு பூட்டினத நீங்க இழுத்துப் பாக்கறீங்களா?”

அடடா, எனக்குச் சுருக்கென்றது. தினமும் அவர் கேஸை மூடிவிட்டு ‘மூடிட்டேன்’ என்று சொல்லி நிற்பார். கதவைப் பூட்டிவிட்டு ‘பூட்டிட்டேன்’ என்று நிற்பார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி சரி என்பேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். வயதானவர், எதற்கோ முகம் சுளிக்கிறார் என்று நானும் விட்டுவிடுவேன்.

அன்று மாலை நடக்கக் கிளம்பினோம். அவர்தான் பூட்டினார். வழக்கம்போல ‘பூட்டிட்டேன்’ என்று நின்றார். நான் திரும்பி வந்து, பூட்டைக் கையில் பிடித்து, நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன். நல்லா விழுந்திருக்கு சம்பந்தி என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு, உன் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. என்ன சொன்னார் தெரியுமா? “இன்னொரு தடவ இழுங்க, அது கொஞ்சம் ஆடும்.” இழுத்தேன். அதற்கப்புறம் மனுஷன் தெருக்கோடி வரைக்கும் பேசுகிறார், நான் ‘ம்’ போடுகிறேன்! மருந்துக்கடை முனையில் நின்று, “நாலு மாசமா நீங்க ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கல, வேண்டாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். நானும் என் அடுப்புக் கதவுக் கதையைச் சொன்னேன், பாதியில் திறந்தால் ரொட்டிக்கு என்ன ஆகும், மாஸ்டருக்கு என்ன ஆகும் என்று. கவனமாகக் கேட்டுவிட்டு, புரிகிறது, ஆனால் கை நிற்காதே என்று வருத்தப்பட்டார். இருங்கள் சம்பந்தி, எங்கேயும் போக வேண்டாம் என்று நேராகவே கேட்டுவிட்டேன். பார்ப்போம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பை இன்னும் கட்டினபடியே இருக்கிறது, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கை வலிக்கிறது, மிச்சம் நாளை.

மறுநாள் எழுதுகிறேன். இன்று ரொட்டி வைத்தேன். அவர் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓவன் முன்னால் நின்று தவித்த தவிப்பைப் பார்க்க முடியவில்லை, போனால் போகிறது, திறந்து பாருங்கள் என்றேன். ரொட்டி பாதி உட்கார்ந்துவிட்டது, இருவருமாகச் சாப்பிட்டோம். அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதே, நானும் மாறவில்லை. அவர் இழுத்துப் பார்க்கும்போது இப்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது, ஆனால் வெளி ஆள் மேல் வருகிற எரிச்சல் போய் வீட்டு ஆள் மேல் வருகிற எரிச்சலாக இருக்கிறது. நீயும் ஒன்று கேட்டுக்கொள். நீ பயலுக்குக் கார் பெல்ட் போட்ட பிறகு மாப்பிள்ளை வந்து இன்னொரு தடவை இழுக்கிறார் என்று குறைபட்டாயே, அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று இப்போது உனக்கே தெரியும். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் அவர் போட்ட பெல்ட்டை நீயும் ஒரு நாள் இழுத்துப் பார், முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

இவ்வளவும் எழுதி, இனி முடிக்கலாம் என்று நினைத்த நேரத்தில் சம்பந்தி கையில் சுத்தியலோடு வந்து நின்றார். வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரி நாற்காலி முதுகில்தான் சட்டையைப் போட்டுவைப்பார், நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. “சம்பந்தி, அந்த அறைச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். இரண்டாக அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். இதை எழுதும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறது. அதனால் அந்த இல்லத்துக்காரர்களுக்கு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடச் சொல். மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் நல்லபடி இருக்க வேண்டும், பயல் நன்றாக வளர வேண்டும். உன் மாமனார் ஆசியும் இதில் சேர்ந்தே வருகிறது, கேட்டு வாங்கித்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சொந்தக் கையால் எழுதிய
உன் அப்பா