நம் காசெட்டில் இல்லாத மூன்று நிமிடம்

ஜூன் 9

அன்புள்ள மேனேஜருக்கு,

முதலாளி எழுதுவது. நலம். உன் தங்கை ஆபரேஷன் செய்த காலோடு மாடிப்படி ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டேன். மாடிப்படியே ஏறுகிறவளுக்கு இன்னும் எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே தகராறு ஆகிவிடுகிறது, இனிமேல் எதுவானாலும் கடிதம்தான் என்று நீதானே ஒப்பந்தம் போட்டாய்? நான் வாக்கு மாறாதவன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை. பழைய வி.சி.ஆரைக் கீழே இறக்கி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நம் படத்தைப் போட்டேன். அதே பல் டாக்டர், அதே தொப்பிக் கடைக்காரி, அதே கறுப்பு வெள்ளைச் சண்டை. கல்யாண விருந்துக்குள் ஆடு புகுந்து தொப்பிகளைத் தின்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டு டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன சார், அம்மா வந்தாச்சா?" என்றார். "இல்லப்பா, படம்" என்றேன். மனுஷர் மூஞ்சி தொங்கிப்போயிற்று.

அப்புறம் நம் இடம் வந்தது. தொப்பிக் கடைக்காரி டாக்டர் புருஷனோடு சண்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போகிறாள். திரையில் ஒரு கோடு ஓடுகிறது. அடுத்த நொடி மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாள்! ஞாபகம் இருக்கிறதா? நம் வீடியோ கடைக்குக் காசெட் வந்த அன்றைக்கே வாடகைக்கு எடுத்துப்போன முதல் ஆளின் மெஷின் அதை மென்று துப்பிவிட்டது. நாம் பார்ப்பதற்கு முன்பே, கசங்கிய நாடாவை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினேன். அதற்கப்புறம் எடுத்துப்போனவர்கள் எல்லோரும், "அந்தம்மா எப்ப உள்ள வந்தாங்க?" என்று கேட்பார்கள். நீ கவுண்டரில் ரசீது கிழித்துக்கொண்டே, "புருஷன் வீடாச்சே, எங்க போவா? தானா வந்திருப்பா" என்பாய். கடையே சிரிக்கும்.

படம் முடிந்ததும் டீ போட்டேன். பழக்க தோஷம், இரண்டு கப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கடை இல்லாத முதலாளி


ஜூன் 14

முதலாளி அவர்களுக்கு,

மேனேஜர் எழுதிக்கொள்வது. இரண்டு கப்பையும் நீங்களே குடித்திருப்பீர்கள், ராத்திரி தூக்கம் வந்திருக்காது. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடும் முன்பே வாங்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தங்கை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே ஆர்டர் போட்டு, நம் படத்தின் புது ப்ளூ-ரே டிஸ்க்கை வரவழைத்துவிட்டாள். சுத்தப்படுத்திப் புதிதாக வெளியிட்டதாம். அடேயப்பா! இத்தனை வருஷம் நாம் பார்த்தது படமே இல்லை, பனிமூட்டம். டாக்டரின் இடது சாக்ஸில் கட்டைவிரல் ஓட்டை இருப்பது உங்களுக்குத் தெரியுமா? அந்த ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருப்பது தெரியுமா? தொப்பியில் இருக்கிற ஒவ்வொரு தையலையும் பார்த்தேன். நல்ல கை. நானே தைத்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு குறை. நம் காசெட்டின் தொடக்கத்தில் உங்கள் குரல் வருமே, "தயவுசெய்து ரீவைண்ட் செய்து திருப்பித் தரவும்" என்று, பரீட்சை ஹாலில் பேசுகிற மாதிரி? அது இல்லாமல் படம் ஆரம்பித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. நானே அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சின்னவள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு சங்கதி. நீங்கள் வெட்டி எறிந்த இடம் இதில் முழுசாக இருக்கிறது. மூன்று நிமிடம். அவள் தானாக உள்ளே வரவில்லை.

மேனேஜர்


ஜூன் 19

அன்புள்ள மேனேஜருக்கு,

சும்மா கதை விடாதே. புதுசாக வெளியிடுகிறவர்கள் எதையாவது எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டுவார்கள், விலை வைக்க வேண்டுமே. நம் காசெட்டில் என்ன குறைச்சல்? கதவு சாத்துகிறாள், வெண்ணெய் தடவுகிறாள். இதைவிட வேகமான கட்டம் எந்தப் படத்தில் உண்டு?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நடைபாதைக் கடையில் தேடி நம் படத்தின் டி.வி.டி. ஒன்றைப் பிடித்தேன். அட்டையில் வேறு ஏதோ படத்து ஜோடி. படத்திலோ தலைக்கு மேலும் தாடைக்குக் கீழும் வெட்டு. தொப்பிக் கடைக்காரியின் படத்தில் தொப்பியே தெரியவில்லை, இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது? கதவு சாத்துகிற இடம் வந்தது. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு உட்கார்ந்தேன். படம் கட்டம் கட்டமாகி அப்படியே நின்றுவிட்டது! துடைத்தேன், ஊதினேன், தட்டினேன். அசையவில்லை. என் தலையெழுத்து.

கெஞ்சுவதாக நினைக்காதே, தொழில் முறையில் கேட்கிறேன். அவன் என்னதான் செய்தான்?

முதலாளி

பின்குறிப்பு: மாத்திரை வாங்கிவிட்டேன்.


ஜூன் 24

முதலாளி அவர்களுக்கு,

தொழில் முறையிலேயே சொல்கிறேன், கேளுங்கள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு எங்கேயும் போகவில்லை. மேல்மாடிக்குப் போகும் படி வளைவில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். உள்ளே அவன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறான். கடிகாரத்தைப் பார்க்கிறான். திடீரென்று ஒற்றைக் காலில் செருப்போடு கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறான். அவசரத்தில் மேல்வளைவில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கவே இல்லை! தெருவில் போகிற பெண்களையெல்லாம் நிறுத்தி முகத்தைப் பார்க்கிறான், ஒருத்தி குடையால் அடிக்கிறாள். அந்த ஓட்டை சாக்ஸோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், அவள் படியில். "எங்க போனீங்க?" என்கிறாள். "பால் வாங்க" என்கிறான். கை காலி. அவள் சிரித்துவிடுகிறாள். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வா" என்கிறான். அதற்கப்புறம்தான் ரொட்டி, வெண்ணெய் எல்லாம்.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சின்னவள் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் கடையை மூடிய வருத்தம் எனக்குத் தெரியாதா? காசெட் எல்லாவற்றையும் வீட்டுக்கு ஏற்றி வந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலோரம் இருந்த என் தையல் மெஷினைத் தூக்கிப் பின்வாசலில் போட்டு, அந்த இடத்தில் ஷெல்ஃப் அடித்தீர்கள். மழையில் மெஷின் துருப்பிடித்தது. கேட்டேன். "கடையே போச்சு, மெஷின் ஒண்ணுதான் கேடா?" என்றீர்கள். நான் பெட்டி கட்டியபோது காசெட்டைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "போனா போ. தானா வருவே."

கவுண்டரில் நின்று அந்த வசனத்தை ஊருக்கெல்லாம் சொன்னவளே நான்தான். ஆனால் அது விளையாட்டுங்க. தங்கைக்குக் கால் சரியாகி ரொம்ப நாள் ஆகிறது. இந்த வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு நம் வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது. தானாக மட்டும் வரமாட்டேன்.

மேனேஜர்


ஜூலை 15
நம் வீட்டு வாசலில்

முதலாளி,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, காய்ச்சலா என்று தெரியவில்லை. கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். காய்ச்சல் என்றால் என் சபதம் செல்லாது. அதனால்தான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். வந்தால் பூட்டு தொங்குகிறது!

ஓடிப்போய் எதிர்வீட்டு டிரைவரைக் கேட்டேன். "காலைலயே கிளம்பிட்டாரும்மா. அயர்ன் பண்ண சட்டை, செண்டு வேற. எங்க சார்னு கேட்டேன். பால் வாங்கன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாரு" என்றார்.

பால் வாங்க!

வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் என்னவோ அழுகை வந்துவிட்டது. டிரைவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷெல்ஃபைக் காணோம். என் மெஷின் பழைய இடத்தில் நிற்கிறது, துரு தேய்த்து, எண்ணெய் போட்டு. ஊசியில் நூல்கூடக் கோத்திருக்கிறீர்கள், தப்பான பக்கத்திலிருந்து. காசெட்டெல்லாம் உங்கள் கட்டிலில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இந்த மூன்று வாரமும் எங்கேதான் படுத்தீர்கள்?

டிரைவர் போனிலிருந்து தங்கையைக் கூப்பிட்டேன். "அக்கா, அத்தான் இங்க வந்து வாசல்ல நிக்கறாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாராம், உட்கார வரலையாம். கையில நெசமாவே ஒரு பால் பாக்கெட் வேற!" என்றாள்.

சாவி என் பையில்தான் இருக்கிறது. திறக்கமாட்டேன். உள்ளே கால் வைத்தால் தானாக வந்தவள் ஆகிவிடுவேன். உங்களை அங்கேயே நிறுத்தி வைக்கத் தங்கையிடம் சொல்லிவிட்டேன், அடுத்த பஸ்ஸில் அங்கேயே திரும்புகிறேன். "எங்க போனே?" என்று கேட்பீர்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தச் சீட்டைக் கதவிடுக்கிலிருந்து நீங்கள் எடுக்கும்போது நான் பக்கத்தில்தான் நிற்பேன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நீங்கள் "வா" என்று சொல்வதை மட்டும் நான் காதால் கேட்கவேண்டும்.

பாலை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மேனேஜர்